நூற்று நாற்பத்தொரு சென்ட்

எனக்கு நூற்று நாற்பத்தொரு சென்ட் உண்டு என்றால்
குளச்சலில் பத்திரம் கேட்பார்கள்.
நிலமாக இருப்பது மூன்று,
சுனாமி காலனியில், வீடு நிற்கிற இடம்.
மற்ற நூற்று முப்பத்தெட்டும் காசு,
ஹார்லிக்ஸ் குப்பிக்குள்.

முதல் சென்ட் ஒரு கோட்டுப் பையில் வந்தது.
கடல் ஏறி இறங்கிய பின் வந்த தையில்
பள்ளிக்கூட வராந்தாவில் கொட்டிய துணிக்குவியல்.
அதில் பனிநாட்டுக் கம்பளிக் கோட்டு ஒன்று,
எவன் போடுவான் இந்த ஊரில்?
பையைத் துழாவினேன்.
தாடிக்காரர் வலப்பக்கம் பார்த்திருந்தார்,
1944.
பின்னால் இரண்டு கோதுமைக் கதிர்.

அதற்குப் பிறகு கிளீட்டஸ், கப்பல் சமையல்காரன்,
லீவுக்கு வரும்போதெல்லாம் ஒரு கைப்பிடி.
'சாக்லேட் கேக்காத ஒரே ஆளு நீதாம்பிலே.'

ஃபைபர் வள்ளத்தில் ஓட்டை அடைப்பது என் தொழில்.
பிசின் போக்கும் அசிட்டோனில் ஒரு மூடி
ராத்திரி காசுக்கு.
யாரோ விரலில் விட்ட எண்ணெய் தானாகக் கழன்று வரும்.
அப்புறம் பேட்டரித் தண்ணீர், பழைய வேட்டித் துண்டு.
ஒற்றலாம். தேய்க்கக் கூடாது.
செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சிப் பொட்டலம்
குப்பிக்குள் நான்கு.
நாற்பத்துமூன்று ஒன்று இரும்பு;
மணவாளக்குறிச்சிக் கருமணல்போலக்
காந்தத்தைத் தேடிப் போகும்.
எண்பத்துமூன்றுக்கு மேலேதான் செம்புத் தோல்,
உள்ளே துத்தநாகம்.
இரண்டு கச்சானுக்குள் அம்மை போட்டதுபோல் பொரிந்துவிட்டது.

போன திருவிழாவுக்கு
குத்துவிளக்கோடு சேர்த்து
ஜெசிந்தா புளி போட்டுத் துலக்கியிருந்தாள்
அந்த முதல் காசை.
பாம்பு படக்கூடாத இடத்தில் பட்டதுபோல்
கையை இழுத்துக்கொண்டேன்.
பளபளவென்று, நேற்று அடித்ததுபோல,
அறுபது எழுபது வருஷத்து விரல்களெல்லாம் போய்.

கத்த வாயெடுத்தேன்.
'அந்தக் கோட்டைப் போத்திட்டுத்தான
மூணு நாளு காய்ச்சல்ல கெடந்தேன்,' என்றாள்.
'அதுல உள்ள காசு
கறுத்துப்போய் இருக்கப்பிடாதுண்ணு தோணிச்சு.'
கோட்டை என்ன செய்தோம் என்று
இருவருக்கும் நினைவில்லை.

அதை மட்டும் குப்பியில் போடவில்லை.
கடல் பக்கத்து ஜன்னல் கட்டையில் வைத்திருக்கிறேன்.
படட்டும் காற்று,
உப்பு, மீன் பொரிக்கிற புகை,
அவள் விரல், போகிற வருகிற பிள்ளைகள் விரல்.
ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து
ஓரத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பேன்.

இந்த வாரம் லேசாகப் பழுப்பு,
இடப்பக்கக் கதிரில் மட்டும்.