பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் எரிகிறது

என் ரெனோ நாலு வேனுக்கு வயது நாற்பத்தாறு.
பிரேக்கை மிதித்தால்
இடப்பக்க இண்டிகேட்டர் அரைக்கண் திறக்கிறது.
இண்டிகேட்டர் போட்டாலோ
பெட்ரோல் முள் துள்ளுகிறது,
டாங்கிக்குள் தவளை குடியேறினாற்போல.
விளக்கைப் போட்டால் டாங்கி நிறைகிறது,
அணைத்தால் பாதி.
இப்படி நிறையுமென்றால் நான் ஏன் ரொட்டி விற்கிறேன்?

புவெர்த்தோ தெசேயாதோவில்
காற்று ஓய்ந்த நாளைத் தேதி சொல்லி நினைவுகூர்வார்கள்.
கடலுப்பு பூட்டுக்குள் போகும், மூக்குக்குள் போகும்,
தகரத்தைத் தின்னும்.
பழியை உப்பின்மேல் போட்டேன்.
பல்பு மாற்றினேன், நான்கு.
பிளாஷர் மாற்றினேன்.
மே மாத லாபம் முழுதும் புதிய பேட்டரியானது.
தவளை அசையவில்லை.

"மாசா பார்த்தாயா?" என்றான் வெல்டர் எலியோதோரோ.
இந்த ஊரில் எர்த்துக்கு அதுதான் பெயர்.
பிசைந்த மாவுக்கும் அதுதான்.
தினம் நடுராத்திரியிலிருந்து அதைத்தானே பார்க்கிறேன் என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
மீட்டரை இரவல் தந்தான், புதன்கிழமை வேண்டுமென்று.

மாவு பொங்க இரண்டு மணி நேரம்.
அந்த இரண்டு மணி நேரம்தான் எனக்கு.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பின்கதவருகே மல்லாந்தேன்.

நான்கு ரப்பர் சக்கரத்தில் நிற்கிற வண்டி
மண்ணை எங்கே தொடுகிறது?
தன் தகரத்தையே மண்ணென்று வைத்துக்கொள்கிறது.
போவதற்குக் கம்பி உண்டு, திரும்புவதற்கு இல்லை.
தரை, கூரை, கதவுச் சட்டம்,
வாய்த்த இரும்பில் ஏறி மின்சாரம் வீடு திரும்ப வேண்டும்.
வழி அடைத்தால் சும்மா நிற்காது.
பக்கத்து பல்புக்குள் புகும், முள்ளை உலுக்கும்,
அடுத்த வீட்டுக் கொல்லையில் எகிறிக் குதிக்கும்.

முதலில் பீப் வைத்துப் பார்த்தேன்.
பீப் என்றது. கம்பி நலம், தகரம் நலம்.
ஒரு மணி நேரம் அந்தப் பீப்பை நம்பினேன்.
சும்மா கிடக்கையில் எந்தக் கம்பியும் நல்ல கம்பிதான்.
சுமை ஏற்ற வேண்டும்.
ரொட்டி தள்ளும் துடுப்பை எடுத்துவந்து
சீட்டுக்கும் பிரேக்குக்கும் நடுவே முட்டுக் கொடுத்தேன்.
இஸ்திரிப் பெட்டியின் பழைய வயரை நீட்டி
ஒரு முனை பேட்டரியின் நெகடிவில்,
மறுமுனை பின்விளக்கின் கூட்டில்.

பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டியது
நாலு புள்ளி இரண்டு.

அந்தக் கூட்டிலிருந்து ஒரு கறுப்புக் கம்பி.
டாங்கியிலிருந்து வருவதும் அதோடு சேர்ந்து
ஒரே போல்ட்டில் முடிகிறது.
கழற்றினேன்.
துருவைத் தேடினேன். துரு இல்லை.
நீலம்.
போன மார்ச்சில் நான் அடித்த நீலம்.
'பாரியா – ஓயார்சோ ரொட்டிக்கடை' என்றிருந்ததில்
ஓயார்சோவை மட்டும் அழித்தால் பார்க்க அசிங்கமென்று
வண்டி முழுக்க அடித்தேன்,
போல்ட்டையெல்லாம் கழற்றி, அதனடியிலும்,
இரண்டு கோட், சொட்டு விடாமல்.
உப்பில்லை. நான்தான்.

மாவு சுரண்டும் தகட்டால் சுரண்டினேன்.
நீலத்தடியில் பிரைமரின் சிவப்பு,
அதனடியில் ஒரு நாணயம் அகலத்துக்கு வெள்ளை இரும்பு.
பல் வாஷர் போட்டு இறுக்கினேன்.
மேலே வாசலின், உப்புக்கு.
ஓயார்சோவின் பெயர் இருந்த இடத்தைத் தொடவில்லை,
அங்கே கம்பி எதுவும் இல்லை.

பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஐந்து.
சாவியைத் திருப்பினேன். விளக்கைப் போட்டேன்.
முள் துள்ளவில்லை. நிறையவில்லை.
கோட்டின் அடியில், சிவப்பில், படுத்துக்கிடந்தது.
எத்தனை நாளாய் இப்படி ஓட்டினேனோ.

மணி நாலே முக்கால்.
பங்க் ஆறுக்குத்தான் திறக்கும்.
ஆஸ்பத்திரிக்கு ஐந்தரைக்குள் ரொட்டி போயாக வேண்டும்,
பின்னால் அறுபது கிலோ, கண்ணாடியெல்லாம் ஆவி.
மேடு வரைக்கும் போகட்டும் பார்க்கலாம் என்று
இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டேன்.
தெருவில் முன்னும் பின்னும் யாருமில்லை.
நேராகத்தான் போக வேண்டும்.