நாலு இடுக்கு

பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பத்து.
அதற்கடுத்து இருபது.
அப்புறம் ஐம்பது.
சுண்டுவிரல் ஓரம் நூறு,
கூட்டத்தில் யார் தோளும் உரசாத இடம்.
இருபத்தாறு வருடம் என் இடது கை
நோட்டை நீளவாக்கில் மடித்து
இப்படித்தான் வைத்திருந்தது.
வீட்டில் சோறு போடும்போதுகூட
விரல் விரித்தே உட்கார்ந்திருப்பேனாம்.

வைத்தியநாதன் பாலம் இறங்கும்போது
நூறுதான் முதலில் விழுந்தது.
எடு என்றேன் கையிடம்.
அது ஐம்பதையும் விட்டது.
விசில் ஊதினேன்,
உதட்டின் ஒரு பக்கமாகக் காற்று வெறுமனே போனது.
விசில் வராத ஸ்டாப்பில்
டிரைவர் சாலமன் கண்ணாடியில் பார்த்தார்.
பயணிகள் பொறுக்கிக் கொடுத்ததை
டிப்போவில் எண்ணினார்களாம்.
பதினைந்து ரூபாய் அதிகம்.
எந்தக் கணக்கில் எழுதுவதென்று அரை மணி நேரம் பேச்சு.

பிறகு கை மூடிக்கொண்டது.
தூக்கத்தில் நகம் உள்ளே பதியும்,
கமலவேணி துணியைச் சுருட்டிச் செருகுவாள்.
"கொருக்குப்பேட்டை கேட்டு மாதிரி" என்றாள் ஒருநாள்,
"எப்பத் தூக்குவான்னே தெரியல."

ஆஸ்பத்திரி பிசியோ அறையில்
ஒரு கையுறை இருக்கிறது. ஒன்றே ஒன்று.
விரல்களின் முதுகில் மெல்லிய குழாய்கள்,
டிபன் டப்பா அளவில் ஒரு பம்பு.
கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆறு வாரம் வீட்டுக்குத் தருவார்கள்.
உள்துணியில் யாருடைய வியர்வையோ.
மணிக்கட்டுப் பட்டையில் மார்க்கரில் ஏசுபாதம் என்று எழுதி
அடித்திருந்தது. கீழே ஜரினா, அதையும்.
அதற்குக் கீழே என் பேர்.
"வலிச்சா சொல்லணும்" என்று
நிலோஃபர் மேடம் பொத்தானை அமுக்கினாள்.

உஸ்ஸ்ஸ்.

தெரிந்த சத்தம்.
கடைசி ஒன்பது வருடம்
என் முதுகுக்குப் பின்னால் திறந்து மூடிய காற்றுக் கதவு.
காற்று ஏற ஏற
ஒவ்வொரு விரலாகப் படிக்கட்டில் தயங்கித் தயங்கி
வெளியே வந்தது.
உள்ளங்கையைப் பார்த்தேன்,
வெளுத்து, ஊறி, நாலு நகத்தழும்போடு.
என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்:
"எறங்கு எறங்கு, எறங்குனவங்க நகந்து நில்லு!"
காலில் ஸ்பிரிங் கட்டி நடந்தவர்,
இடுப்புப் பட்டையில் தொங்கிய பையன்,
அறையே சிரித்தது.
சிரிப்பில் பையன் சாய்ந்தான்.
பட்டை பிடித்துக்கொண்டது.

கையுறைக்குத் திறக்கத்தான் தெரியும்,
பிடிப்பது உங்க வேலை என்றாள்.
ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஸ்பாஞ்சுப் பந்து.
பந்தை என் கை மதிக்கவில்லை.
நோட்டு கேட்டேன்.
பழைய எக்ஸ்ரே உறையை நோட்டளவில் கிழித்து
பேனாவால் பத்து, இருபது போட்டுத் தந்தாள்.

தண்டையார்பேட்டையில் சாயங்காலங்கள்.
பம்பு சார்ஜில் கிடக்கும், கரண்ட் போகும், வரும்.
கமலவேணி கத்தரிக்காய் நறுக்கியபடியே கேட்பாள்:
"மின்ட் ஒண்ணு."
லேடீஸுக்கு ஃப்ரீம்மா என்பேன்.
"அப்ப நான் ஆம்பள. மின்ட் ஒண்ணு குடுய்யா."

ஐந்தாம் வாரம் ஐம்பது நின்றது,
ஏழு எண்ணும்வரை.
நூறு நிற்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுத்தோம்.
என் பேரை நானே அடித்தேன், வலது கையால்.
கீழே தணிகாசலம். எண்ணூர், வெல்டராம்.
மடியில் தன் கையை
யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன பார்சல்போல
வைத்துக்கொண்டு பெஞ்சில் இருந்தார்.
என்னென்னவோ சொல்ல நினைத்து
"உள்ள கொஞ்சம் ஈரமா இருக்கும்" என்று மட்டும் சொன்னேன்.

ராத்திரி கை மூடியிருந்தது.
பம்பு இல்லை.
பல்லிடுக்கில் நானே ஊதினேன், உஸ்ஸ்.
கோணல் வாயில் எச்சில்தான் அதிகம் வந்தது.
மறுபடியும்.
மூன்றாவது உஸ்ஸுக்கு
கேஸ் கசியுதா என்று கமலவேணி எழுந்து லைட்டைப் போட்டாள்.

சுண்டுவிரல் மட்டும் வெளியே நின்றிருந்தது,
ஸ்டாப் வருமுன்னே குதித்துவிட்டவன் போல.
பக்கத்தில் நூறின் இடம்,
காலியாக.