பூசணிக்குள் மஞ்சள்

தாலினின் கோப்லி. டிராம் பாதை முடிகிற இடம்.
அதற்கப்பால் கடலும்
கப்பல் கட்டுவதை நிறுத்திவிட்ட தளமும்.
வியாழக்கிழமைகளில் எங்கள் வேன் அங்கே நிற்கும்.
ஹீட்டர் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யும்.
இடது முழங்கால் வியர்க்க, வலது விறைக்க,
உப்புக்கல் அளவு பொடியோடு யாராவது வரக் காத்திருப்பேன்.

என்னிடம் இருப்பது ஒரு மூலக்கூறு.
வடிவத்தைப் பார்த்துப் பூசணி என்றே
பெயர் வைத்துவிட்டார்கள்:
சுற்றிலும் வரிவரியாய் விலா,
உள்ளே குடைந்த குழி.
அந்தக் குழியில் மரமஞ்சளின் சாயத்தைக் குடிவைத்திருக்கிறேன்.
தண்ணீரில் தனியே விட்டால் அது ஊமை.
பூசணிக்குள் போனால்
புறஊதா டார்ச்சுக்குப் பதில் பேசும்,
பச்சை ஏறிய மஞ்சளில்.

பிறகு ஃபென்டனில் வரும்.
வாடகை பேசாமல் வரும்.
சாயத்தை வெளியே தள்ளிவிட்டுத் தான் உட்காரும்.
வெளிச்சம் போய்விடும்.
அவ்வளவுதான் என் வித்தை:
சோற்றில் மறைத்ததைப்
பூசணியே காட்டிக்கொடுக்கிறது.

முதல் மாதம் எல்லாரும் தலைகீழாய்ப் படித்தார்கள்.
ஒளிர்ந்ததைக் கொட்டிவிட்டு
அணைந்ததை எடுத்துப்போன ஒருவனைத்
தண்டவாளம் வரை துரத்தினேன்.
'அணைந்தால் ஆபத்து' என்று
எஸ்தோனியத்திலும் ரஷ்யத்திலும் எழுதி ஒட்டினேன்.

அர்க்காதிக்கு அறிவிப்பு தேவைப்படவில்லை.
அந்தத் தளத்தில் இருபது வருடம் வெல்டிங் செய்தவன்.
டார்ச்சைத் தொட்டாலே
முகம் திருப்பி உள்ளங்கையால் கண்ணை மூடுவான்.
"இந்த வெளிச்சம் என்னை ஏற்கெனவே தின்றிருக்கிறது,
ராத்திரியெல்லாம் கண்ணில் மணல்.
நீ பார். பார்த்துச் சொல்."

மூன்று வியாழன். மூன்று முறையும் அணைந்தது.
சிரித்தபடி பொடியை என் கழிவுப் புட்டியில் போட்டான்.
மூன்றாவது முறை, பாதியை.
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

நான்காம் வியாழன் அணையவில்லை.
குழாயைக் குலுக்கினேன், இன்னொரு துளி விட்டேன்.
மஞ்சள் நின்றது.
அந்தக் குளிர்காலம் ஊருக்குள் புதிதாய் ஒரு குடும்பம் வந்திருந்தது.
நைட்டசீன் என்று பெயர். தோள் அகலம் வேறு.
என் பூசணியின் வாசலில் நுழையாதோ என்று சந்தேகம்.
நுழையாதவனைப் பற்றி
வீடு என்ன சொல்லும்?

"வெளிச்சம் இருக்கே."
"இருக்கு."
"அப்புறம் என்ன?"

அப்புறம் என்ன என்று சொல்ல
நகரத்து ஆய்வகத்துக்கு இரண்டு நாள் வேண்டும்.
நலோக்ஸோன் ஒரு பெட்டி கேட்டான்.
இரண்டு கொடுத்தேன்.
தனியாக இருக்காதே என்றேன்.
வில்மே இருக்கிறாள் என்றான், டிராம் ஏறியபடி.

சனிக்கிழமை காலை ஆய்வகம் கூப்பிட்டது.
எண்ணும் எழுத்துமாய் ஒரு நீளப் பெயர்.
மின்கட்டண உறையின் பின்னால் எழுதிக்கொண்டு
அவனை அழைத்தேன்.
மணி அடித்தது.
அடித்துக்கொண்டே இருந்தது.

வியாழன். பனி படுக்கைவாட்டில் வீசியது.
வில்மே வந்தாள்.
காலியான இரு பெட்டிகளை மேஜையில் வைத்துவிட்டு
ஹீட்டர் பக்கமாய் நகர்ந்து உட்கார்ந்தாள்.
"ரெண்டும் போச்சு. ரெண்டாவதுக்குத்தான் மூச்சு வந்தது.
உன்னைத் திட்டிவிட்டு வரச் சொன்னான்.
வழியில் வார்த்தை எல்லாம் மறந்துபோச்சு."
கையுறையைக் கழற்றாமலே தேநீர் குடித்தாள்.

அறிவிப்பை இறக்கிக் கீழே ஒரு வரி சேர்த்தேன்:
'ஒளிர்ந்தால், தெரியாது.'
குளிரில் பேனா திணறியது;
ரஷ்யத்தில் 'தெரியாது' பாதிதான் விழுந்தது.

வாசல் அகன்ற வேறொரு பூசணி
ஆய்வகத்தில் தயாராகிறதாம்.
வசந்தத்தில் தருவார்களாம்.
எந்த வசந்தம் என்று நான் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து அர்க்காதி வந்தான்,
கன்னம் ஒட்டி, தாடி மழித்து.
நான் டார்ச்சை எடுப்பதற்கு முன்பே
ஒரு கையால் கண்ணை மூடிக்கொண்டான்.
மறு கையை நீட்டினான்.
"முதலில் பெட்டி," என்றான்,
"அப்புறம் உன் பூசணி."