ஏழாவது கட்டம்

ஆகஸ்ட் என்றாலும் தண்ணீர் ஒன்பது டிகிரி.
ரப்பர் உடைக்குள் முதலில் முழங்கால் மரத்துப்போகும்,
பிறகு இடுப்பு,
பிறகு எண்ணிக்கை.

சல்மியோக்கி ஆற்றில் குனிந்து நிற்கிறேன்.
அடியில் கண்ணாடி வைத்த குழாயை நீருக்குள் அழுத்தி
ஒற்றைக் கண்ணால் பார்க்க,
கூழாங்கற்களுக்கிடையே கறுத்த உதடுகள்
பாதி திறந்து.
முத்துச் சிப்பிகள்.

கரையில் பிர்க்கா, மடியில் படிவம்.
"உயிரோடு?"
"நாற்பத்தொன்று."
"வெற்று ஓடு?"
"ஆறு."
"இருபது மில்லிமீட்டருக்குக் கீழ்?"
சல்லடையை மூன்றாம் முறையும் அலசுகிறேன்.
"ஒன்றுமில்லை."
ஏழாவது கட்டத்தில் ஒரு வட்டம் போடுகிறான்.
பன்னிரண்டு நாளாக வட்டம்தான்.

குன்றுக்கடியில் செம்பு இருக்கிறதாம், நிக்கலும்.
எங்களை இங்கே கொண்டுவந்த வேன் பேட்டரியில் ஓடுவது.
அதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன்,
மறுபடி சொல்லமாட்டேன்.

கூலி கம்பெனியுடையது.
"தோண்டுவதற்கு முன் இங்கே என்ன இருந்தது என்று
யாராவது எழுதிவைக்க வேண்டுமல்லவா?" என்றார் மேலாளர்.
இருந்தது.
இயந்திரங்கள் வர இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.
இறந்தகாலம் முந்திக்கொண்டு வந்து
முகாம் போட்டுவிட்டது.

கிழச் சிப்பிகளுக்குக் குறைவில்லை.
ஒன்றுக்கு நூற்று முப்பது வயது இருக்கலாம்.
பின்வாங்கிய படை இந்தப் பக்கத்து வீடுகளையெல்லாம்
கொளுத்திக்கொண்டே போனபோதும்
இது இதே கல்லை ஒட்டி
நாளுக்கு ஐம்பது லிட்டர் ஆற்றை வடிகட்டிக்கொண்டிருந்தது.
ஆனால் குஞ்சு இல்லை.
குஞ்சில்லாத ஆற்றை அறிக்கையில் எப்படி வாசிப்பார்கள் என்று
எனக்குத் தெரியும்:
ஏற்கெனவே சாகிறது. இழப்பீடு சுலபம்.

பதின்மூன்றாம் நாள்
நான்குசக்கர பைக்கில் ரவ்னா வந்தாள்,
காணாமல்போன கலைமான் ஒன்றைத் தேடி.
எங்கள் காபியைக் குடித்து, நன்றாயில்லை என்றாள்.
வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.
"ஓடையைக் காணோமே."
எந்த ஓடை?
"ஜனவரியிலும் உறையாதது.
தம்பியின் பனிவண்டி போன வருடம் அதில்தான் விழுந்தது."

தாவினால் தாண்டிவிடலாம், அவ்வளவுதான் அகலம்.
வரைபடத்தில் அந்த இடம் வெறும் வெள்ளை.
அதன்மேல் பொடி எழுத்தில்:
கழிவுக் குளம், இரண்டாம் கட்டம்.
எங்கள் ஒப்பந்தம் முதல் கட்டத்துக்கு மட்டும்.

சல்லடையில் மணல். மணல்.
ஊசியிலைத் துண்டுகள்.
அப்புறம் என் சுண்டுவிரல் நகத்தளவு ஒன்று,
தேன் நிறம்,
வெளிச்சத்துக்குக் காட்டினால் உள்ளே நிழல் நகர்கிறது.
வெண்மையாய் ஒரு காலை நீட்டி
என் கையுறையைத் துழாவியது,
மண்ணா என்று.
பதினொரு மில்லிமீட்டர்.
அடுத்த அள்ளலில் இன்னும் நான்கு.

யாரும் கத்தவில்லை.
"எழுதினால்?" என்றாள் ரவ்னா.
"குளத்தை நகர்த்தலாம். அல்லது
இவற்றை வாளியில் பொறுக்கி
வேறு ஆற்றில் விடச் சொல்லலாம்."
"நகர்த்தினால் எங்கே?"
பிர்க்காவின் விரல் வரைபடத்தில் வடக்கே போய்
ஒரு சதுப்பின்மேல் நின்றது.
"அங்கேதான் எங்கள் மான்கள் கன்று போடும்."

கொசு. வேறு சத்தமில்லை.
பென்சிலைப் பிடித்தபடி
அவன் என்னைப் பார்க்கிறான், நான் அவளை.
அவள் கோப்பையின் அடிக்கசடைப் புல்லில் கொட்டினாள்.

படிவத்தில் நீர்நிலையின் பெயர் என்று ஒரு கோடு.
அவள் சொன்ன பெயர்
இரண்டு முறை கேட்டும் எங்கள் வாயில் நிற்கவில்லை.
பென்சிலை வாங்கித் தானே எழுதினாள்,
இரண்டு எழுத்தின் தலையில் சின்னக் கோடுகள் போட்டு,
மெதுவாக.
பிறகு பைக்கைக் கிளப்பி,
வடக்கே போனாள்.

ஐந்தையும் ஒவ்வொன்றாக மணலில் நட்டோம்,
வாய் மேலே இருக்கும்படி.
ஏழாவது கட்டத்தில் ஐந்து.
தண்ணீர் நான்கு டிகிரி.
அதையும் எழுதினோம்.