பிசிறு

ஓவர்லாக் இயந்திரத்தைத் தள்ளுவண்டியில் கட்டி
பூன் லேயில் எட்டாம் மாடிக்கு ஏற்றினேன்.
மின்தூக்கியில் ஒருவர் கேட்டார்,
'வீடு மாறுறீங்களா?'
இல்லை என்று தலையசைத்தேன்.
மாறி மாறி ஓய்ந்தவர்களுக்கு இது.

ஒரே வீடு, இரண்டு குடும்பம்.
கூடத்தின் தரையில் நீல ஒட்டுநாடா ஓடுகிறது.
இந்தப் பக்கம் வதனியும் இரண்டு பிள்ளைகளும்,
அந்தப் பக்கம் ரொஹாயாவும் பேசாத அவள் மகனும்.
குளிர்பெட்டியின் கதவில் முட்டைக்கு மட்டும்
எல்லை இன்னும் முடிவாகவில்லை.

நான் சனிக்கிழமைத் தொண்டூழியர்.
கையில் படிவம்.
'முந்தைய முகவரி' என்று ஒரு கட்டம்.
வதனிக்கு அது போதவில்லை, ஓரத்தில் எழுதினாள்:
சுவா சூ காங், ஐந்தறை வீடு. கடனுக்குப் போனது.
உட்லண்ட்ஸ், நாத்தனார் வீட்டுக் கூடம்.
கேலாங், வாடகை அறை.
ஈஸ்ட் கோஸ்ட், கூடாரம், பதினொரு இரவு.
கூடாரத்துக்கு நேரே அஞ்சல் குறியீடு கேட்டிருந்த இடத்தில்
ஒரு கோடு போட்டாள்,
துணியில் வெட்டுக்கோடு போடுவது போல நேராக.

அந்தக் கூடாரத்தில்
வாடிக்கையாளர் இருவரின் ரவிக்கைத் துணி
அவளோடு இருந்திருக்கிறது.
கார் நிறுத்துமிட விளக்கின் கீழ்
கையாலேயே தைத்து, கொக்கி வைத்து,
எம்ஆர்டி வாசலில் கொடுத்திருக்கிறாள்.
'லேட்டாயிருச்சுன்னு
பத்து வெள்ளி கழிச்சுக்கிட்டாங்க.'
சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்தாள்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

விதிகளை விளக்கினேன்.
வீட்டிலிருந்து தைக்கலாம். ஆள் வைக்கக் கூடாது.
வாசலில் பலகை மாட்டக் கூடாது.
'பலகையில என்ன விலாசம் எழுத?
அடுத்த வருசம் இதுவும் மாறும்.
நாலு வீடு மாறியும் போன் நம்பரை நான் விடலை.
சோறு வாங்கலைன்னாலும் அதுக்குக் காசு கட்டினேன்.
என் கடை அதுலதான் இருக்கு.'

ஓவர்லாக் பிசிறை வெட்டிக்கொண்டே
ஓரத்தைக் கட்டிக்கொண்டு போனது.
மூன்று நூல்கூண்டும் சுழல,
சின்னவன் வெட்டுத் துணுக்குகளைப் பொறுக்கி
நிறம் பிரித்தான்.
பாதிக் கையில் சத்தம் செத்தது.
விளக்கும் விசிறியும் செத்தன.
முன்கட்டண மின்சாரம், மீட்டரில் பூச்சியம்.

யாரும் பதறவில்லை.
ரொஹாயா மாவுக் கையைத் துடைத்து
அட்டையை எடுத்துக்கொண்டு கீழே போனாள்.
எப்போக் எப்போக் பாதி மடித்தபடி தட்டில் கிடக்க,
அதன் விளிம்பை வதனி கிள்ளிக் கிள்ளி மடித்து மூடினாள்,
கொசுவம் பிடிக்கிற அதே விரல்களால்.
ஒழுங்காக வரவில்லை. இரண்டு பிய்ந்தன.
விளக்கு வந்ததும்
சுவரில் பென்சிலால் ஒரு வரி ஏறியது:
பத்து வெள்ளி, ஆர்.
பக்கத்தில் அடிக்கப்பட்ட பழைய வரிகள்.
சில 'வி', சில 'ஆர்'.
ஒன்றில் முட்டைகள் என்றும் இருந்தது.

தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கையில்
என் பட்டுத் துணியோடு போனேன்.
இந்த முறை படிவம் இல்லை.

'லைனிங் வச்சு அறுபத்தஞ்சு.'
என் வாய் தேக்காவில் பழகிய வாய்.
'நமக்குள்ள...' என்று
தானாகவே திறந்துகொண்டது.
அவள் உதட்டிலிருந்த குண்டூசிகளை
ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.
'அறுபத்தஞ்சு' என்றாள்.
கோபமில்லை. அரிசி விலை சொல்வது போல.

நோட்டில் என் பெயரை எழுதினாள்.
நாற்பத்தொன்றாவது.
'வியாழக்கிழமை நாலு மணிக்குள்ள வந்திருங்க.
அதுக்குமேல அவ எண்ணெய் வச்சுருவா,
பட்டுல வாசம் ஏறிடும்.'
பிறகு நாடாவை என் மார்பைச் சுற்றிப் போட்டாள்.
நான் நிமிர்ந்தேன், வயிற்றை உள்ளே இழுத்தேன்.

'இழுக்காதீங்க' என்றாள் வதனி,
'மூச்சை விட்டுட்டு
உள்ளபடி நில்லுங்க.'