மணல் தெரிகிறது

நாற்பது ரூபாய்க்கு ஒரு கவர்.
ஒரு கை மண், மூன்று கணு.
"தண்ணியே வேணாம் மேடம்,
உப்புக்காத்துக்கும் அசையாது,
தானாப் படர்ந்துக்கும்" என்றான்
நீலாங்கரை நர்சரி ஜெபராஜ்.
ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

மஞ்சள் கரிசலாங்கண்ணிதான் என்று நம்பி
முதல் மாதம் இலை பறித்து
எண்ணெய் காய்ச்சித் தலைக்குக்கூட வைத்தேன்.
விடேலியா என்று பெயர் தெரிந்தபோது
அது மதிலைத் தாண்டியிருந்தது.

கொட்டிவாக்கத்தில்
எங்கள் தரைத்தளத்துக்கும் கடலுக்கும் நடுவே
கொஞ்சம் மணல் உண்டு.
அதில் அடப்பங்கொடி
ஆட்டுக்குளம்பு இலைகளோடு
போகிற போக்கில் கிடக்கும்.
பாதி இடம் தனக்கு,
மீதி நண்டுக்கும் காற்றுக்கும் காயும் வலைக்கும்.

இரண்டு மழை.
ஊதாப்பூ ஒன்றுகூட இல்லை.
ஜமுக்காளம் விரித்தாற்போல் மஞ்சள்.
நடக்க வருபவர்கள் நின்று படம் எடுத்தார்கள்.
நானும் எடுத்தேன்.

அந்நியச் செடி என்று திட்ட எனக்கு வாய் வரவில்லை.
மிளகாய் எந்த ஊர்?
நானே அரூரிலிருந்து வந்தவள்.
வந்ததில் என்ன குற்றம்.
பக்கத்தில் இருப்பதற்கு
ஒரு விரற்கடை வெயில் விட்டிருக்கலாம்.

மூன்று ஞாயிறு பிடுங்கினேன்.
கணுவுக்குக் கணு வேர்.
இங்கே இழுத்தால்
நாலடி தள்ளி மண் அசைந்தது.
பதினொரு மூட்டை.
மாநகராட்சி வண்டி இரண்டைத்தான் ஏற்றியது.
மீதியை
அடுத்த தெருக் காலிமனையில் சாய்த்துவிட்டு வந்தேன்,
இருட்டியபிறகு.

"அடப்பங்கொடியா? அது செடியா மேடம்?"
ஜெபராஜுக்குச் சிரிப்பு.
படகு நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்த தேசப்பனிடம்
எவ்வளவு என்று கேட்டேன்.
என் மகன் வயது அவனுக்கு.
"இதுக்குப் போயி காசா?
அறுத்துக்கினு போக்கா.
நாளைக்கு அலைக்கும் வெல கேப்ப போலிருக்கே."

மதிலுக்கு உள்ளே பொடுதலை.
வேலிக்குச் சங்கங்குப்பி.
மூலையில் முழங்கால் உயரத்தில் ஒரு புன்னை;
அது நிழல் தருவதற்குள்
நான் மூன்று வீடு மாறியிருப்பேன்.

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில்
செயலாளர் கனகவல்லி எழுதியிருந்தார்:
"எவ்வளவு அழகாக இருந்த இடம்.
இப்போது வெறும் மணல் தெரிகிறது."
கீழே பன்னிரண்டு கட்டைவிரல்.

பதில் போடவில்லை.
எழுந்து போய்ப் பார்த்தேன்.
தெரியத்தான் செய்தது.
அடப்பங்கொடியின் புதுத் தளிருக்கு ஒரு சாண் தள்ளி
ஒரு வளை,
வாசலில் ஈரம் காயாத மண்.
உள்ளே யாரோ இருந்தார்கள்.
என் நிழல் விழுந்ததும்
இன்னும் உள்ளே போனார்கள்.

காலிமனை முழுக்க மஞ்சளாப் பூத்திருக்கும்மா என்று
காவலாளி இன்று காலையில் சொன்னார்,
அவ்வளவு சந்தோஷமாக.

கையுறையில் ஒன்றைக் காணோம்.
தேடிக்கொண்டிருக்கிறேன்.