துவாரம் பதினாறு

முதல் ரோலில் ஒன்றுமே இல்லை.
ஆற்காட்டில் மைத்துனி ஞானசௌந்தரியின் கல்யாணம்.
முப்பத்தாறு தடவை அமுக்கினேன்,
ஃபிலிம் பல்லில் மாட்டவே இல்லை.
லாங் பஜார் ஸ்டுடியோ இம்தியாஸ்
வெற்றுச் சுருளை டியூப்லைட்டில் தூக்கிக் காட்டிவிட்டுக்
கழுவுகூலியை மட்டும் வாங்கிக்கொண்டார்.
ஞானசௌந்தரி இன்றும் என்னைக் கண்டால்
முந்தானையைச் சரிசெய்து அசையாமல் நிற்பாள்.

அது போனஸில் வாங்கிய யாஷிகா.
ராணிப்பேட்டைத் தோல் ஷெட்டில் கணக்கெழுதுகிறேன்,
கேமரா உறைக்குள்ளும் குரோம் வாடை.
அப்புறம் செகண்ட் ஹேண்டில் ஒரு ரஷ்ய ஜெனிட்.
பிடித்தால் செங்கல்,
அமுக்கினால் யாரோ கோபத்தில் கதவைச் சாத்துவார்கள்.
மீட்டர் எப்போதோ செத்திருந்தது.

ஆகவே மணலில் படித்தேன்.
ஞாயிறுதோறும் பாலாற்றுப் பாலத்துக்குக் கீழே
ஒரே மணலை எட்டில், பதினொன்றில், பதினாறில் எடுத்து
லெட்ஜர் தாளில் குறித்துவைத்தேன்.
சித்திரை, காலை பத்து, பதினாறு.
தை, அதே நேரம், அதே பதினாறு.
லாரித் தடம். உடைந்த பாட்டில். நாய்.
புனிதவல்லி ஆல்பத்தைப் புரட்டிக் கேட்டாள்,
"ஆள் யாரும் கிடைக்கலையா?"

டிஜிட்டலுக்கு மாறி வெகுநாள் கழித்து
ஒரு கார்த்திகையில் ஆறு வந்தது.
சேண்பாக்கம், சத்துவாச்சாரி எல்லாம்
பாலத்தின் மேல் நெருக்கியடித்து நின்றது.
விரல் தானாகப் பதினாறுக்குப் போனது.
தூறலில் திரையைப் பார்க்காமலே
இருநூறு சுட்டேன்.
மேகமும் வந்திருந்ததை மறந்துபோனேன்.

வீட்டில் திறந்தால் அத்தனையும் இருட்டு.
கம்ப்யூட்டரில் வெளிச்சத்தை ஏற்ற ஏற்ற
புள்ளி புள்ளியாய்ப் பொரிந்தது தண்ணீர்.
புனிதவல்லி எட்டிப் பார்த்தாள்,
"திரும்பவும் மணலா?"